பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடும் முன்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் 'பி' பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியது. வர இயலாதவர்கள் பலர் கேட்டதால் எழுத்து வடிவில் தருகிறோம்.)



பராமரிப்புக் கட்டணம், லிஃப்ட், தண்ணீர் லாரி எல்லாம் பேசி முடித்து, டீயும் வடையும் வந்த பிறகு செயலாளர் எனக்கு மைக்கைக் கொடுத்திருக்கிறார். வடைக்கும் கம்ப்யூட்டருக்கும் போட்டி என்றால் யார் ஜெயிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். முடிந்தவரை சுருக்கமாகப் பேசுகிறேன்.

போன மாதம் ஒரு நாள் காலையில் பால் வாங்க இறங்கினேன். 'ஏ' பிளாக் நண்பர் ஒருவர் தன் டெஸ்க்டாப்பைப் பழைய இரும்புக்காரர் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். மானிட்டர், கேபினெட், கீபோர்டு எல்லாம் சேர்த்து 400 ரூபாய்.

"என்ன சார், ரிப்பேரா?" என்று கேட்டேன்.

"ரிப்பேர் இல்லைங்க. ஓடுது. ஆனா இடமே இல்லை. ஒரு போட்டோ கூட ஏத்த முடியலை. பையன் வேற லேப்டாப் வாங்கிட்டான்."

"உள்ளே இருக்கிற போட்டோ எல்லாம்?"

"அதெல்லாம் கூகுள்ல இருக்கும் சார்."

இந்த 'இருக்கும்' என்ற வார்த்தைதான் என்னைப் பயமுறுத்தும். 'இருக்கிறது' என்று அவர் சொல்லவில்லை. வண்டிக்காரரை ஐந்து நிமிடம் நிற்கச் சொல்லிவிட்டு, நண்பரின் போனிலேயே தேடிப் பார்த்தோம். 2017-க்குப் பிறகு எடுத்தவை மட்டும் இருந்தன. பையனின் முதல் பிறந்தநாள், பெரியவருடைய சதாபிஷேகம், பழைய கேமராவில் எடுத்த திருச்செந்தூர் பயணம், எதுவும் இல்லை. அவை அந்த 400 ரூபாய்ப் பெட்டியில்தான் இருந்தன. கூகுள் போட்டோஸ் அளவில்லாமல் இலவசமாக வாங்கி வைத்துக்கொண்டதெல்லாம் 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு மெயில், டிரைவ் எல்லாம் சேர்த்து 15 ஜிபிதான் இலவசம். அது நிறைந்ததும் போன் ஒரு எச்சரிக்கை காட்டும். நாமும் அதைத் தள்ளிவிட்டு வாட்ஸ்அப் பார்ப்போம்.

பெட்டியை இறக்கி என் வீட்டுக்குக் கொண்டு போனோம். 2013-இல் வாங்கியது. 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கில் 4 ஜிபி மீதி. மற்றபடி ஒரு குறையும் இல்லை. அதற்கு 4 டெராபைட் டிஸ்க் ஒன்று மாட்டினோம். பழையதைப் போல எட்டு மடங்கு இடம். எப்படி மாட்டினோம் என்பதைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன். உங்களில் குறைந்தது பத்துப் பேர் வீட்டிலாவது இப்படி ஒரு பெட்டி துணி போர்த்தி இருக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

அதற்கு முன் என் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இங்கே வருவதற்கு முன் நாங்கள் முகலிவாக்கத்தில் தரைத்தளத்தில் வாடகைக்கு இருந்தோம். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி இரவு உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். செம்பரம்பாக்கத்திலிருந்து 29,000 கன அடி திறந்தார்கள். அடையாற்றின் இரு பக்கமும் தண்ணீர் ஏறியது. நாங்கள் நகை, சான்றிதழ், மாத்திரை டப்பா மூன்றையும் எடுத்துக்கொண்டு மாடி வீட்டுக்குப் போய்விட்டோம். கம்ப்யூட்டர் கேபினெட் மேஜைக்குக் கீழே தரையில் இருந்தது. யாருக்கும் அது ஞாபகம் வரவில்லை. அதில் என் அம்மாவின் குரல் இருந்தது. அம்மா போவதற்கு இரண்டு வருடம் முன்பு ஊருக்குப் போனபோது, பக்கத்தில் உட்கார்ந்து தாலாட்டும் பழைய கதைகளுமாக 40 நிமிடம் பதிவு செய்திருந்தேன்.

தண்ணீர் வடிந்த பிறகு நான் செய்ததைக் கேளுங்கள். டிஸ்க்கைக் கழற்றி, துணியால் துடைத்து, மொட்டை மாடியில் மூன்று நாள் வெயிலில் காய வைத்தேன். மனைவி, "ஏங்க, யாராவது தெரிஞ்சவங்ககிட்ட கேட்டுட்டுப் போடுங்களேன்" என்றாள். நானும் தெரிந்தவன்தானே என்ற நினைப்பு. மாட்டி ஸ்விட்ச் போட்டேன். 'டிக், டிக், டிக்' என்று மூன்று தடவை. அவ்வளவுதான். பிறகு டேட்டா மீட்பவர் ஒருவரிடம் கொண்டு போனபோது அவர் முதலில் கேட்டது, "கரண்ட் கொடுத்தீங்களா சார்?" என்பதுதான்.

நனைந்த டிஸ்க்கைக் காய வைக்கவே கூடாது. ஈரம் உலர்ந்தாலும் அந்தத் தண்ணீரில் இருந்த சேறும் உப்பும் உள்ளே படிந்துவிடும். டிஸ்க்கின் தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் ஒரு தலைப்பகுதி பறந்துகொண்டிருக்கும். நம் தலைமுடியின் பருமனே பல்லாயிரம் நானோமீட்டர். அந்த இடைவெளிக்குள் ஒரு மண் துகள் புகுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நனைந்தால், நனைந்த நிலையிலேயே காற்றுப் புகாத கவரில் போட்டு, மின்சாரம் கொடுக்காமல் மீட்பவர்களிடம் கொடுக்க வேண்டும். அரிசிக்குள் புதைப்பது, ஹேர் டிரையர் காட்டுவது, பூஜை அறையில் வைப்பது எதுவும் வேண்டாம். அந்த டிசம்பரில் தொலைந்துபோன சான்றிதழ்களுக்கு நகல் கொடுக்க அரசு சிறப்பு முகாம்கள் நடத்தியது. என் மார்க் ஷீட் நனைந்திருந்தாலும் திரும்பக் கிடைத்திருக்கும். குரலுக்கு அப்படி ஒரு முகாம் கிடையாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் உங்கள் பெட்டி எந்தக் காலத்தது என்று பாருங்கள். பக்கவாட்டு மூடியில் இருக்கும் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றினால் போதும். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து கை அகலத்துக்குப் பட்டையாக, சாம்பல் நிற ரிப்பன் மாதிரி கேபிள் வந்தால் அது ஐடிஈ. 2005 வாக்கில் வாங்கியதாக இருக்கும். அதை விட்டுவிடுங்கள். அதற்குப் புதிய டிஸ்க் வாங்குவது வீண் செலவு. உள்ளே இருக்கும் டிஸ்க்கை மட்டும் கழற்றி, ஒரு யுஎஸ்பி அடாப்டர் வழியாக வேறு கம்ப்யூட்டரில் போட்டுப் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். கேபிள் விரல் அகலத்துக்கும் குறைவாக, சிவப்பிலோ கறுப்பிலோ மெலிதாக இருந்தால் அது சாட்டா. 2003-இல் வந்த முறை. இன்றைக்குக் கடையில் கிடைக்கும் டிஸ்க்கிலும் அதே பிளக்தான். ஜி31, ஜி41, எச்61 என்று நம் ஊரில் அசெம்பிள் செய்து விற்ற பெட்டிகள் எல்லாம் இந்த வகைதான். வேகம் குறைந்த பழைய சாட்டா என்று யாராவது சொன்னால் கவலை வேண்டாம். அந்தப் பழைய சாட்டாவே விநாடிக்கு 300 எம்பி வரை தாங்கும். சுற்றும் டிஸ்க்கால் அவ்வளவு வேகம் கொடுக்கவே முடியாது.

மதர்போர்டில் காலியாக ஒரு சாட்டா சாக்கெட், எஸ்எம்பிஎஸ்-இல் காலியாக ஒரு சாட்டா பவர் பிளக், கேபினெட்டில் காலியாக ஒரு டிஸ்க் கூண்டு. இந்த மூன்றும் இருக்கிறதா என்று பார்த்து போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்குப் போனால் வாயால் விளக்குவதைவிடப் படம் காட்டுவது சுலபம். டிவிடி டிரைவ் இப்போது யாரும் தொடுவதில்லை. அதன் கேபிளையும் சாக்கெட்டையும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கழற்றும் முன் பரண் மேலே இருக்கும் கல்யாண சிடி, டிவிடிகளையெல்லாம் ஒரு தடவை அதில் போட்டு நகல் எடுத்துவிடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் அவை பூஞ்சை பிடித்துக்கொண்டிருக்கின்றன. கல்யாண ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் கவரில் ஒட்டியிருக்கும், அதையும் மறக்காதீர்கள்.

வாங்குவது பற்றி. ரிச்சி தெருதான் நமக்குக் கோயில். மவுண்ட் ரோட்டை ஒட்டி, அரசினர் தோட்டம் மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும். ஆன்லைனிலும் வாங்கலாம், ஆனால் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, இந்தியாவில் வாரண்டி இருக்கிறதா. சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டால் வாரண்டி எந்த நாட்டுக்கு, எத்தனை நாள் என்று வந்துவிடும். புது டிஸ்க் என்று சொல்லி சர்வர்களில் ஓடித் தேய்ந்ததைத் துடைத்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். இன்னொன்று, டிஸ்க்கின் வகை. எஸ்எம்ஆர் என்று ஒரு வகை உண்டு. நம் பழைய வீடுகளில் ஒரு ஓட்டின் மேல் இன்னொரு ஓடு ஏறி உட்கார்ந்திருக்குமே, அதுபோலத் தடங்களை ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி எழுதுவது. இடம் மிச்சம், விலையும் குறைவு. ஆனால் நடுவில் ஒரு ஓட்டை மாற்ற வேண்டுமென்றால் பக்கத்து ஓடுகளையும் எடுத்து அடுக்க வேண்டும், இல்லையா? அதேபோலப் பழையதை மாற்றி எழுதும்போது இந்த டிஸ்க் திணறும். போட்டோவை ஒரு தடவை எழுதிவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு இதுவே போதும். தினமும் வேலை செய்வதற்கும் கேமரா பதிவுக்கும் சிஎம்ஆர் வகை கேளுங்கள். நாங்கள் வாங்கியது ஒன்பதாயிரத்துச் சொச்சம். விலை மாதத்துக்கு மாதம் மாறுகிறது.

இப்போது முக்கியமான இடம். வடையை வைத்துவிட்டுக் கொஞ்சம் கேளுங்கள்.

கடையில் 4 டெராபைட் என்று எழுதியிருக்கும், வீட்டில் மாட்டினால் பாதிதான் தெரியும், ஏமாற்றிவிட்டான் என்று சொல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். யாரும் ஏமாற்றவில்லை. அது விலாசம் எழுதும் முறையில் உள்ள சிக்கல். டிஸ்க் என்பது சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொரு அறையிலும் 512 பைட். ஒவ்வொரு அறைக்கும் ஒரு கதவு எண். எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை யாருடைய இடம் என்று டிஸ்க்கின் தலைப்பில் ஒரு பட்டா மாதிரி எழுதி வைத்திருக்கும். எம்பிஆர் என்ற அந்தப் பட்டா முறை 1983-இல் வந்தது. அதில் கதவு எண் எழுத 32 பிட்தான் இடம். அதிகபட்சம் 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம் அறைகள். 512-ஆல் பெருக்கினால் 2.2 டெராபைட். அதற்கு மேல் வீடு இருந்தாலும் கதவு எண் கிடையாது, தபால் போகாது. 1983-இல் ஒரு கம்ப்யூட்டரில் 10 எம்பி டிஸ்க் இருந்தாலே பெரிய விஷயம். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

சென்னை மாநகராட்சி ஒரு காலத்தில் வீடுகளுக்குப் புது எண் கொடுத்ததே, இன்றைக்கும் பழைய எண் 14, புது எண் 27 என்று விலாசம் எழுதுகிறோமே, கம்ப்யூட்டர்காரர்களும் அதையே செய்தார்கள். ஜிபிடி என்று புது எண் முறை. 64 பிட். இனி நம் பேரன் காலம் வரை தீராது. இதில் ஒரு அழகு, ஜிபிடி டிஸ்க்கின் வாசலிலும் பழைய எண் பலகை ஒன்றைப் பெயருக்கு மாட்டி வைத்திருப்பார்கள். பழைய மென்பொருள் ஏதாவது வந்து பார்த்து, 'அடடா, காலி மனை' என்று நினைத்துக் கட்டடம் கட்ட ஆரம்பித்துவிடக் கூடாது அல்லவா.

ஆக, 2 டெராபைட்டுக்கு மேல் வாங்கினால் ஜிபிடி. உங்கள் பெட்டி பயாஸ் காலத்துப் பழசாக இருந்தாலும், விண்டோஸ் 7 அல்லது அதற்குப் பிந்தையது இருந்தால், ஜிபிடி டிஸ்க்கைப் பொருள் வைக்கும் அறையாகத் தாராளமாகப் பயன்படுத்தலாம். அந்தப் பெரிய டிஸ்க்கிலிருந்தே விண்டோஸை பூட் செய்ய வேண்டும் என்றால்தான் யுஇஎஃப்ஐ என்ற புது வகை வேண்டும். நமக்கு அது தேவையில்லை. பழைய டிஸ்க்கில் விண்டோஸ் இருக்கட்டும், புதியதில் படங்கள் இருக்கட்டும். சாதாரண எக்ஸ்பிக்கு ஜிபிடி படிக்கத் தெரியாது. இன்னும் எக்ஸ்பி ஓட்டுபவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைத் தனியாகப் பாருங்கள்.

மாட்டும் வேலை அரை மணி நேரம்தான். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஐந்தாறு விநாடி அழுத்துங்கள், மிச்ச மின்சாரம் போகட்டும். கேபினெட்டின் வெறும் இரும்பை ஒரு தடவை தொட்டுவிட்டு டிஸ்க்கைக் கையில் எடுங்கள். உள்ளே இருக்கும் தூசியைச் சொல்லி மாளாது. மெட்ரோ வேலை நடந்த வருடங்களில் டிரங்க் ரோடு பக்கம் ஜன்னல் வைத்த வீடுகளின் பெட்டிகளில் நான் பார்த்திருக்கிறேன், ஃபேன் மேல் கம்பளி போர்த்தின மாதிரி இருக்கும். பெயிண்ட் பிரஷால் தட்டி எடுங்கள். டிஸ்க்குக்கு இருபுறமும் நான்கு ஸ்க்ரூ போட வேண்டும். டிஸ்க்கோடு அது வராது, கடையில் கேட்டு வாங்குங்கள். கைக்குக் கிடைத்த நீளமான ஸ்க்ரூவைப் போட்டு முறுக்காதீர்கள். பெரிய டிஸ்க்குகள் சிலவற்றில் பக்கவாட்டின் நடுத் துளை இருக்காது. இரண்டு துளையில் மாட்டினாலும் அசையாமல் இருந்தால் சரி. கூண்டு இல்லையென்று டிஸ்க்கைக் கேபினெட் தரையில் அப்படியே போட்டு வைக்காதீர்கள். நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 சுற்று சுற்றும் பொருள் அது.

பவர் பற்றி ஒரு வார்த்தை. டிஸ்க் ஓடும்போது சாப்பிடுவது 5 முதல் 8 வாட்தான். ஆனால் கிளம்பும்போது 20 வாட்டுக்கு மேல் இழுக்கும். பத்து வருடம் ஓடிய எஸ்எம்பிஎஸ் அங்கேதான் மூச்சு வாங்கும். கம்ப்யூட்டர் தானாக அணைந்து அணைந்து எழுந்தால் டிஸ்க்கைத் திட்டாதீர்கள், எஸ்எம்பிஎஸ்-ஐ மாற்றுங்கள். சாட்டா பவர் பிளக் இல்லையென்று பழைய நான்கு ஊசி மோலெக்ஸ் பிளக்கிலிருந்து மாற்றும் அடாப்டர் ஒன்று கொடுப்பார்கள். அதில் ஒரே அச்சில் வார்த்த பிளாஸ்டிக் தலை உள்ளது வேண்டாம். உள்ளே கம்பிகள் ஒன்றோடொன்று உரசித் தீப்பிடித்த சம்பவங்கள் உண்டு. ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகச் செருகியிருப்பது வெளியே தெரிகிற வகையைக் கேளுங்கள்.

வெளியே வைக்கும் யுஎஸ்பி டிஸ்க்கை மலிவாக வாங்கி, ஓட்டை உடைத்து உள்ளே மாட்டும் புத்திசாலிகளும் இருக்கிறார்கள். வாரண்டி போகும். சிலவற்றில் டிஸ்க் உயிரே வராது. புது டிஸ்க்குகள் சிலவற்றில் மூன்றாவது ஊசிக்கு 3.3 வோல்ட் வந்தால் 'தூங்கு' என்று அர்த்தம். பழைய எஸ்எம்பிஎஸ் அந்த ஊசிக்கு எப்போதும் 3.3 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். டிஸ்க்கும் தூங்கிக்கொண்டே இருக்கும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆனது.

மாட்டியாகிவிட்டது, கம்ப்யூட்டரைப் போட்டீர்கள். மை கம்ப்யூட்டரில் புது டிஸ்க் தெரியாது. பதற வேண்டாம். ஸ்டார்ட் பட்டன் மேல் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட் போங்கள். உடனே ஒரு பெட்டி வரும், டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்யட்டுமா, எம்பிஆரா ஜிபிடியா என்று. இங்கே நிறுத்துங்கள். கையை மௌஸிலிருந்து எடுங்கள். எந்த டிஸ்க்கைச் சொல்கிறது என்று அளவைப் படியுங்கள். 4 டெராபைட் டிஸ்க் 3725 ஜிபி என்று காட்டும். கடைக்காரர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். பழைய டிஸ்க் 465 ஜிபி என்று இருக்கும். பழையதை ஃபார்மேட் செய்துவிட்டால் முகலிவாக்கம் கதைதான், தண்ணீர் மட்டும் இருக்காது. எனக்கு நம்பிக்கை இல்லாத நாட்களில் பழைய டிஸ்க்கின் அளவை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டிவிட்டுத்தான் உட்காருவேன்.

ஜிபிடி கொடுத்து, கறுப்புக் கோடு போட்ட பகுதியில் ரைட் கிளிக், நியூ சிம்பிள் வால்யூம், என்டிஎஃப்எஸ். முடிந்தது. தவறி எம்பிஆர் கொடுத்துவிட்டால் 2048 ஜிபி ஒரு பக்கமும், 1678 ஜிபி எதற்கும் உதவாத கறுப்புக் கோடாக இன்னொரு பக்கமும் நிற்கும். டிஸ்க் காலியாக இருக்கும்போதே ஜிபிடிக்கு மாற்றிவிடுங்கள். பழைய மதர்போர்டில் வேறொரு வேடிக்கையும் நடக்கும். 3 டெராபைட் டிஸ்க் மொத்தமே 746 ஜிபி என்று காட்டும். பழைய ஸ்கூட்டர் மீட்டர் 99,999-க்குப் பிறகு சுழிக்குப் போகுமே, அதே கணக்கு. சிப்செட்டின் பழைய டிரைவர்தான் காரணம். புது டிரைவர் போட்டால் பெரும்பாலும் சரியாகும்.

குவிக் ஃபார்மேட் போதுமா? அவசரமில்லை என்றால் முழு ஃபார்மேட் கொடுங்கள். 4 டெராபைட்டுக்கு ஏழு எட்டு மணி நேரம் ஆகும், இரவில் விட்டுவிட்டுத் தூங்கலாம். பிறவியிலேயே கோளாறு உள்ள டிஸ்க் பெரும்பாலும் அன்றைக்கே காட்டிக்கொடுத்துவிடும், கடைக்காரர் மாற்றித் தருவார். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் இரண்டு டிஸ்க்கின் உடல்நிலையையும் பார்த்துவிடுங்கள். 'ரீஅலொகேட்டட்', 'பெண்டிங்' என்ற வரிகளில் சுழி இருந்தால் நிம்மதி. புதியது என்று வாங்கியதில் ஓடிய மணி நேரம் ஆயிரக்கணக்கில் காட்டினால், பில்லோடு ரிச்சி தெருவுக்குக் கிளம்பலாம்.

பிறகு நகல் எடுப்பது. கட் செய்யாதீர்கள், காப்பி செய்யுங்கள். நடுவில் கரண்ட் போனால் கட் செய்தது எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. யுபிஎஸ் பேட்டரி செத்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். முடிந்ததும் இரண்டு பக்கமும் ஃபோல்டரின் மொத்த எண்ணிக்கையும் அளவும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். 'ஏ' பிளாக் நண்பருடையதில் 31 படம் குறைந்தது. தேடினால், பழைய டிஸ்க்கில் ஒரு மூலை படிக்க முடியாமல் போயிருந்தது. இரண்டாவது, மூன்றாவது முயற்சியில் 27 வந்தது. நான்கு போய்விட்டது. இன்னும் ஒரு வருடம் துணி போர்த்தி வைத்திருந்தால் எத்தனை போயிருக்குமோ.

கேள்வி கேட்டார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவது மாடி டீச்சர் கேட்டார்: "பெரிய டிஸ்க் போட்டா கம்ப்யூட்டர் வேகமா ஓடுமா சார்?" ஓடாது, டீச்சர். இடம் வேறு, வேகம் வேறு. வேகம் வேண்டுமென்றால் 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்கி விண்டோஸை அதில் போடுங்கள். கையில் இருப்பது ஒரு செலவுக்குத்தான் என்றால், முதலில் படங்களைக் காப்பாற்றுங்கள், வேகம் அடுத்த போனஸில் பார்க்கலாம்.

இன்னொருவர்: "இரண்டு டிஸ்க்கிலும் இருக்கே, இனி கவலை இல்லையே?" இங்கேதான் நான் கறாராக இருப்பேன். இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. ஒரே மின்னல், ஒரே திருடன், ஒரே வெள்ளம். நம்மிடமிருந்து செம்பரம்பாக்கம் எவ்வளவு தூரம் என்று தெரியும், 24 அடி ஆழம் என்பதும் தெரியும். அந்த ஏரி இந்த வருடம் நிரம்பினதா என்று ஒவ்வொரு நவம்பரிலும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறோம். பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் லட்சக்கணக்கான டிஸ்க்குகளை ஓட்டி 2013-லிருந்து கணக்கு வெளியிடுகிறது. சமீபத்திய வருடங்களில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு டிஸ்க் வருடத்துக்கு ஒரு தடவை சாகிறது. குளிர்சாதன அறையில் ஓடும் டிஸ்க்குகளின் கணக்கு அது. பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக்காரர் பரப்பிய கணக்கு ஒன்று உண்டு: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், அதில் ஒன்று வேறு இடத்தில். நான் செய்வது இதுதான். பெட்டிக்குள் ஒன்று, பீரோவில் யுஎஸ்பி டிஸ்க் ஒன்று, திருநின்றவூரில் மகள் வீட்டில் ஒன்று. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பலகாரத்தோடு அந்த டிஸ்க்கும் போய் வரும். கேபினெட்டையும் தரையிலிருந்து எடுத்து ஸ்டூல் மேல் வைத்துவிட்டேன்.

விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டதே என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை விண்டோஸ் 11-க்குத் தேறாது. பேங்க் வேலையை இதில் செய்யாதீர்கள், நெட் கேபிளையே பிடுங்கிவிட்டுப் படப்பெட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் போடத் தெரிந்தவர்கள் போடலாம், ஜிபிடி டிஸ்க்கை அது தாராளமாகப் படிக்கும்.

அம்மாவின் பதிவு என்ன ஆனது என்று செயலாளரின் மனைவி கேட்டார். 2013-இல் அதை எடுத்த அன்றைக்கே ஊரில் என் சித்தி மகன் தன் போனுக்குக் கொஞ்சம் மாற்றிக்கொண்டிருந்தான். இரண்டு வருடம் முன்பு அவன் வீட்டு விசேஷத்துக்குப் போனபோது, "அண்ணே, பெரியம்மா குரல் என்கிட்ட கொஞ்சம் இருக்கு" என்று ஒரு பழைய மெமரி கார்டைக் கொடுத்தான். 40 நிமிடத்தில் 6 நிமிடம். தாலாட்டு பாதியில் நிற்கிறது. அந்த 6 நிமிடம் இப்போது மூன்று இடத்தில் இருக்கிறது.

ஸ்க்ரூ டிரைவர் செட், பெயிண்ட் பிரஷ், யுஎஸ்பி அடாப்டர் மூன்றையும் சங்க அலுவலகத்தில் வைத்திருக்கிறேன். ரெஜிஸ்டரில் ஃப்ளாட் எண் எழுதி எடுத்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு மேல் நான் வீட்டில்தான் இருப்பேன், கூப்பிட்டால் வருகிறேன். காபி போதும்.